வளவுக் கோழிகளின் காயமும் நோயும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெல்லும் வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் கமக்காரர் பலர் தம் வளவுகளில் சில ஊர்க்கோழிகளையும் வளர்த்து வருகின்றனர். சிந்திய தானியத்தையும் பூச்சி புழுக்களையும் தின்று வளரும் இவை முட்டையும் இறைச்சியும் தருகின்றன. இவற்றின் எச்சம் மக்கியபின் தோட்டத்துக்குச் சிறந்த பசளையாகின்றது. பெருஞ் செலவின்றி வளர்வதனால் இவற்றின் சுகத்தைப் பலர் கவனிப்பதில்லை. கோழியொன்று தூங்கி வழிந்து நிற்கும்போது, அது காயப்பட்டதா, நோயுற்றதா என்பதை முதலில் அறிதல் வேண்டும். காயம் அந்த ஒரு கோழியோடு நிற்கும். நோயோ அயல் வளவுகளுக்கும் பரவக்கூடும்.

காயப்பட்ட கோழி

நாய், கீரி, மரநாய், பருந்து ஆகியவற்றால் கோழிகள் காயமடைகின்றன. காயப்பட்ட கோழியை உடனே பிரித்து, நிழலான இடத்தில் கூடையொன்றின் கீழ் விடுதல் வேண்டும். இரத்தத்தைக் கண்ட மற்றைக் கோழிகள் அக்காயத்தைக் கொத்திப் பெரிதாக்கும்.

இரத்தம் வடியுமாயின் சுத்தமான துணியால் சில நிமிட நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பின்னர், ஒரு போத்தல் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் காயத்தைக் கழுவ வேண்டும். காயத்தைச் சுற்றியுள்ள தோலில் வேப்பெண்ணெய் பூசினால் ஈ மொய்ப்பது குறையும். மண்ணெண்ணெய், சாம்பல் முதலியவற்றை இடுதல் ஆகாது. புழு வைத்திருக்கின்றதா என நாள்தோறும் பார்த்தல் அவசியம்.

காலின் இறகற்ற கீழ்ப்பகுதியில் எலும்பு முறிந்து, தோல் கிழியாதிருப்பின், பஞ்சு சுற்றி இருபுறமும் பனை ஈர்க்கு வைத்துத் துணிநாடாவால் கட்டலாம். விரல்கள் வீங்கினால் கட்டைத் தளர்த்த வேண்டும். ஏறக்குறைய மூன்று கிழமைகளில் எலும்பு பொருந்தும். இரைப்பை கிழிந்து தீன் வெளிவருமாயினும், எலும்பு வெளியே தெரியுமாயினும் கால்நடை வைத்தியரை நாடுவதே நன்று.

இராணிக்கெற் நோய்

ஊர்க்கோழிகளைப் பெருந்தொகையாக அழிப்பது இந்நோயே. 1926ஆம் ஆண்டில் யாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும், 1927இல் இந்தியாவின் இராணிக்கெற்றிலும் இது கண்டறியப்பட்டது. அதனால் நியூகாசில் நோய் எனவும் வழங்கும்.

நோயுற்ற கோழி தீன் தின்னாது இறகைச் சிலிர்த்து நிற்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பச்சை நிறமாகக் கழியும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுகும். கால்களும் செட்டைகளும் செயலிழக்கும். தடுப்பு மருந்து பெறாத கோழிகளுள் பெரும்பாலானவை சில நாட்களுள் இறந்துவிடலாம். இது வைரசினால் உண்டாவதால் நோய் வந்தபின் குணப்படுத்தும் மருந்து இல்லை. கோழிகள் சுகமாயிருக்கும் காலத்திலேயே கால்நடை வைத்தியரின் அறிவுரைப்படி தடுப்பு மருந்து கொடுத்து, அவர் கூறும் தவணைகளில் மீண்டும் கொடுத்தல் வேண்டும். சந்தையில் வாங்கிய கோழியை மூன்று கிழமைகளுக்குப் புறம்பாக வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்கலாம்.

மழைக்கால நோய்கள்

மாரி மழையுடன் நுளம்பு பெருகும்போது கோழி அம்மை பரவும். கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளங்கள் தோன்றிக் காய்ந்து பொருக்காகும். பொருக்கை உரித்தல் தகாது. கண்ணை உப்புநீரால் துடைத்து, தீனும் நீரும் எட்டும்படி வைத்தால் பல கோழிகள் தேறும். இதற்கும் தடுப்பு மருந்து உண்டு.

ஈரமான கூட்டில் வளரும் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் நேரும். இதற்கு மருந்து உண்டாகையால் தாமதியாது கால்நடை வைத்தியரிடம் பெறுதல் வேண்டும். கூட்டை நிலத்திலிருந்து உயர்த்தி, எச்சத்தை அடிக்கடி அகற்றினால் இந்நோய் குறையும். மருந்து கொடுத்த கோழியின் முட்டையையும் இறைச்சியையும் வைத்தியர் கூறும் காலம் வரை உண்ணலாகாது.

இறந்த கோழியை அகற்றல்

சாகுந்தறுவாயிலுள்ள கோழிகளை விற்பதும், இறந்தவற்றை ஒழுங்கையிலோ வயலிலோ எறிவதும் நோயை ஊருக்குப் பரப்பும். குடாநாட்டின் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல்லே இருப்பதனால், நிலத்தில் ஊறும் அழுக்கு கிணற்று நீரை எளிதிற் சேரும். ஆகவே கிணற்றுக்கு அண்மையில் புதைக்காது, இயன்றவரை எரித்துவிடுதலே நன்று. பல கோழிகள் திடீரென இறக்குமாயின் வெறுங்கையால் தொடாது, கால்நடை வைத்தியருக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

நோயுற்ற கோழியை விற்றுப் பெறும் சிறு தொகைக்காக அயலாரின் கோழிகளையெல்லாம் இழக்கச் செய்தல் நன்றன்று. நோயுற்ற கோழியைப் புறம்பாக்கி, அயலாருக்கும் உடனே சொல்லி வைத்தால், அவர்களும் தம் கோழிகளை அடைத்துக் காத்துக்கொள்வர்.