ஒரே சந்தைக்கு எத்தனை வாசல்?

நமது கடைகளில் வேலை பார்க்கும் பையன்களும், நம் வீட்டுப் பேரப்பிள்ளைகளும் இரவு பதினொரு மணி வரை செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, காதில் வயரை மாட்டி, "அண்ணே, பின்னால ஆள் வர்றான்" என்று கத்துவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இது என்ன விளையாட்டு, இதற்குள் பணம் எப்படிப் போகிறது, கடைசியில் யார் கல்லாவில் விழுகிறது என்று கேட்டால் நம்மில் பலருக்கும் விடை தெரியாது. பிள்ளையைத் திட்டுவதோடு விட்டுவிடுகிறோம். ஆனால் இதை ஒரு வியாபாரமாக எடுத்துப் பார்த்தால் வணிகர்களாகிய நமக்கு விளங்காத சங்கதி ஒன்றும் அதில் இல்லை.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. முன்பெல்லாம் வாயால் கூவி ஏலம் விட்டார்கள். 2007-ல் நறுமணப் பொருள் வாரியம் அங்கே மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வியாபாரிக்கும் ஓர் இருக்கை, முன்னால் ஒரு கணினி. லாட் எண், எடை, விலை எல்லாம் திரையில் தெரியும். பொத்தானை அழுத்த அழுத்த விலை ஏறும். யார் எப்போது அழுத்தினார் என்பதை ஒரு பொதுக் கணினி கணக்கு வைத்துக்கொள்ளும்.

ஆன்லைன் விளையாட்டும் இதே ஏற்பாடுதான். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை ஊருக்குள் நுழைகிறார்கள். யார் எந்தத் தெருவில் நிற்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்பதை நிறுவனத்தின் கணினி கணக்கு வைக்கிறது. வித்தியாசம் என்னவென்றால் ஏலக்கூடம் வேலை முடிந்ததும் பூட்டப்படும். அந்த ஊருக்குப் பூட்டு கிடையாது. நாம் தூங்கும்போதும் அங்கே சரக்கு கைமாறிக்கொண்டே இருக்கும். சரக்கு என்று சொன்னது விளையாட்டுக்கு அல்ல. 2004-ல் வந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற விளையாட்டுக்குள் ஏலக்கடையே உண்டு. மூலிகை பறித்து வந்து போடுவார்கள், வாள் செய்து வந்து போடுவார்கள். வரத்து கூடினால் விலை இறங்கும். விற்ற தொகையில் நூற்றுக்கு ஐந்து பிடித்தம். கமிஷன் மண்டி இல்லாத ஊர் கற்பனையில்கூட இல்லை போலும்!

இந்த வகை விளையாட்டு முதலில் கணினியில்தான் வளர்ந்தது. 1997-ல் 'அல்டிமா ஆன்லைன்', 1999-ல் 'எவர்குவெஸ்ட்'. கணினி என்பது திறந்தவெளிச் சந்தை. யார் வேண்டுமானாலும் மென்பொருள் எழுதி விற்கலாம், கணினி செய்தவனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தட்டச்சுப் பலகை இருப்பதால் விளையாடுவோர் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவும் வசதி.

தொலைக்காட்சிப் பெட்டியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டியின் கதை வேறு. இதைக் கன்சோல் என்கிறார்கள். நம் பிள்ளைகள் ஒரு காலத்தில் கேசட் போட்டு விளையாடினார்களே, அந்த வம்சம்தான். அது சீல் வைத்த பாக்கெட் சரக்கு. விற்றால் முடிந்தது. ஆன்லைன் விளையாட்டோ காய்கறிக் கடை மாதிரி. புதுச் சரக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். வருகிற சரக்கை இறக்கி வைக்க அந்தப் பெட்டியில் கிடங்கு வேண்டுமே! சோனி நிறுவனம் 2000-ல் விற்பனைக்கு விட்ட இரண்டாம் பிளேஸ்டேஷனில் அந்தக் கிடங்கு, அதாவது ஹார்டு டிஸ்க், உள்ளே வைத்து வரவில்லை. 2002 மே மாதம் ஜப்பானில் 'ஃபைனல் ஃபேன்டசி 11' வந்தபோது, விளையாட விரும்பியவர்கள் ஹார்டு டிஸ்க்கையும் இணைய இணைப்புக் கருவியையும் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. தராசு வாங்கினால் படிக்கல்லைத் தனியாக வாங்கு என்பதைப் போல.

ஆனாலும் அந்த விளையாட்டில் ஒரு பெரிய காரியம் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் கணினிக்கும் அது வந்தது. டி.வி. முன்னால் உட்கார்ந்தவரும் கணினி முன்னால் உட்கார்ந்தவரும் ஒரே ஊருக்குள் நுழைந்து தோளோடு தோள் நின்று விளையாடினார்கள். வாசல் இரண்டு, சந்தை ஒன்று. நம் பகுதியில் இதற்கு ஈடான காரியம் 2021 ஏப்ரலில் நடந்தது. போடி ஏலக்கூடத்தையும் மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்துப் புற்றடி ஏலக்கூடத்தையும் இணைத்து, எந்தக் கூடத்தில் உட்கார்ந்தாலும் ஒரே ஏலத்தில் கேட்கும் ஏற்பாட்டை நறுமணப் பொருள் வாரியம் தொடங்கியது. அதை நாம் வியந்து பேசினோம். ஜப்பான்காரர் பத்தொன்பது வருடத்துக்கு முன்பே விளையாட்டுக்காகச் செய்துவிட்டார்.

இரண்டு வாசல் வைத்தால் ஒரு தொல்லையும் உண்டு. சிறிய வாசலுக்குள் நுழையும் மூட்டையைத்தான் பெரிய வாசலிலும் அனுப்ப முடியும். பழைய பெட்டியின் நினைவகம் போதாததால் பல வசதிகளைச் சேர்க்க முடியாமல் அந்த விளையாட்டைச் செய்தவர்கள் வெகுகாலம் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். கடைசியில் 2016 மார்ச்சில் பிளேஸ்டேஷன் வாசலையும், பிறகு திறந்திருந்த எக்ஸ்பாக்ஸ் வாசலையும் மூடினார்கள். கணினி வாசல் மட்டும் நிலைத்தது.

இதைவிட முக்கியமானது வாசல்காரரின் அதிகாரம். கன்சோலில் எதை விற்பதென்றாலும் பெட்டி செய்த நிறுவனம் சோதித்துப் பார்த்து அனுமதிக்க வேண்டும். விற்பனையில் அதற்குப் பங்கும் உண்டு. கணினியிலும் 'ஸ்டீம்' போன்ற பெரிய கடைகள் நூற்றுக்கு முப்பது என்ற கணக்கில் கமிஷன் வாங்குகின்றன. ஆனால் அந்தக் கடை வழியாகத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வார்கிராஃப்ட் நிறுவனம் நேரடியாகவே சந்தா வாங்கி, 2010-ல் ஒரு கோடியே இருபது லட்சம் சந்தாதாரர்களை வைத்திருந்தது. அந்த விளையாட்டு கன்சோலுக்கு வரவே இல்லை. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்' 2014-ல் கணினிக்கும், ஓராண்டு கழித்து 2015-ல் கன்சோலுக்கும் வந்தது. 'ஃபோர்ட்நைட்' என்ற விளையாட்டில் மற்ற கம்பெனிப் பெட்டிக்காரர்களோடு தன் வாடிக்கையாளர்கள் சேர்ந்து விளையாடச் சோனி நிறுவனம் 2018 செப்டம்பர் வரை சம்மதிக்கவில்லை. தன் கடைக்கு வந்த ஆள் எதிர்க்கடைக்காரனோடு பேசிப் பழகினால் அங்கேயே போய்விடுவான் என்ற பயம். இந்தப் பயத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

நமது பள்ளத்தாக்குக்கு வருவோம். தேனியிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் வீட்டுக்கு வீடு கணினி இருந்த காலம் என்று ஒன்று கிடையாது. மணிக்கு இவ்வளவு என்று பிரவுசிங் சென்டரில் கொடுத்து உட்கார்ந்ததுதான். கன்சோலோ கைக்கே எட்டவில்லை. ஐந்தாம் பிளேஸ்டேஷன் 2021 பிப்ரவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது விலை ரூ.49,990. அதற்குத் தனியாக நல்ல டி.வி., தனியாக இணைய இணைப்பு. கடைப் பையனின் நாலு மாதச் சம்பளத்துக்கு மேல். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானது. 2018 மார்ச்சில் 'பப்ஜி' செல்போனுக்கு வந்தது. நூறு பேர் ஒரே தீவில் இறங்கி அடித்துக்கொள்ளும் விளையாட்டு. கணினியில் ஒரு வருடம் ஓடிப் பேரெடுத்த சரக்கு. பத்தாயிரம் ரூபாய் போனில் அது ஓடியது. கணினியா, கன்சோலா என்று மேல்நாட்டார் இருபது வருடம் வாதாடிக்கொண்டிருக்க, சின்னமனூர் வாழைத் தோப்பில் உட்கார்ந்த பையன் இரண்டையும் தொடாமலே உள்ளே போய்விட்டான். லேண்ட்லைன் பார்க்காமலே செல்போனுக்கு வந்த குடும்பங்கள் நம்மிடம் எத்தனை!

ஆனால் செல்போன் என்பதும் வாசல்காரர் உள்ள சந்தையே. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பப்ஜியும் ஒன்று. 2021 ஜூலையில் இந்தியாவுக்கென்று வேறு பெயரில் வந்தது. 2022 ஜூலையில் மறுபடி எடுக்கப்பட்டது. 2023 மே மாதம் திரும்பியது. தடை சரியா தவறா என்பது வேறு பேச்சு. கடைத்தெருவுக்கு ஒரே நுழைவாயில் இருந்தால் அதைச் சாத்துவது எவ்வளவு சுலபம் என்பதைத்தான் சொல்கிறோம்.

விளையாட்டு இலவசம் என்கிறார்களே, பிறகு லாபம் எங்கே? இது நமக்குப் பழகிய வித்தை. கடலூர் சின்னிகிருஷ்ணன் வழிகாட்டிய பாக்கெட் ஷாம்புதான்! பாட்டில் வாங்க முடியாதவரிடம் பாக்கெட் விற்பது. விளையாட்டுக்குள் ஒரு சட்டை, துப்பாக்கிக்கு ஒரு வர்ணம் என்று சில்லறை சில்லறையாகப் போகும். நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையில், கல்லாவில் வைத்திருந்த போனில் முதலாளி மகன் எழுபதும் எண்பதுமாக ஒன்பது நாளில் நாலாயிரத்துச் சொச்சம் செலவு செய்திருந்தான். இரண்டு மூட்டை அரிசியில் நிற்கும் லாபத்துக்கும் மேல். சிறு தொகை என்பதால் வங்கிக் குறுஞ்செய்தியை யாரும் கவனிக்கவில்லை. கடை வரவு வரும் போனையும் பிள்ளைகள் கையில் கொடுக்கும் போனையும் பிரித்து வைப்பது நல்லது. இதையும் பணம் கட்டிப் பணம் எடுக்கும் சூதாட்டத்தையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத்தான் தடை செய்தது. சட்டை வாங்குவதை அல்ல.

அந்தச் சில்லறைக் காசிலும் கூகுளும் ஆப்பிளும் முப்பது சதவீதம் வரை கமிஷன் எடுத்தன. 2020 ஆகஸ்டில் ஃபோர்ட்நைட் நிறுவனம் நேரடியாகப் பணம் வாங்க முயன்றபோது இருவருமே அந்த விளையாட்டைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள்; அந்த நிறுவனம் இருவர் மேலும் வழக்குப் போட்டது. நம் நாட்டிலும் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், தன் வழியாகவே பணம் வாங்கக் கட்டாயப்படுத்தியதற்காகக் கூகுளுக்கு ரூ.936 கோடி அபராதம் போட்டது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டில் அது ரூ.216 கோடியாகக் குறைந்தது. நமக்கு இரண்டு சதவீதத்துக்குத் தரகரோடு நாள் முழுக்கப் பேச வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கை நாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்போது மளிகைக் கடைக்கே ஆர்டர் போடும் செயலிகளைப் பெரிய நிறுவனங்கள் கொண்டுவந்து போனில் ஏற்றிவிட்டுப் போகின்றன. முதல் ஆறு மாதம் சலுகை. கடன் கணக்கு, வாங்கிய விலை, எந்தச் சரக்கு எந்த மாதம் ஓடியது என்பதெல்லாம் அவர்கள் கணினியில் சேர்கிறது. அது கன்சோல் வாசல். 2022-ல் மத்திய அரசு ஆதரவோடு தொடங்கிய ஓ.என்.டி.சி. என்ற திறந்த வலைப்பின்னலில், விற்பவர் ஒரு செயலியிலும் வாங்குபவர் வேறொரு செயலியிலும் இருந்துகொண்டு வியாபாரம் செய்யலாம். அது போடியும் புற்றடியும் போன்ற ஏற்பாடு. நடைமுறையில் எவ்வளவு ஓடும் என்பதைப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் எது எந்த வகை என்று கேட்டுக்கொள்ளாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

ஏலக்காய் ஏலத்தையும் வீட்டிலிருந்தே போனில் கேட்கும்படி செய்தால் என்ன என்று இளைய வியாபாரிகள் கேட்கிறார்கள். காயைக் கையில் எடுத்து, பிளந்து, முகர்ந்து பார்க்காமல் எட்டு எம்.எம். என்று எழுதியதை மட்டும் நம்பி விலை கேட்பது நமக்கு ஒப்பவில்லை. சாம்பிளை முன்கூட்டியே கொண்டுவந்து கொடுக்க வழி செய்தால் அப்போது யோசிக்கலாம்.

சென்ற வருடம் நமது கடைக்குப் பில் போடும் மென்பொருள் வாங்கினோம். கணக்கு முழுவதையும் வேறு கணினிக்கு எடுத்துப் போக முடியுமா என்று விற்க வந்த தம்பியிடம் கேட்டோம். அரை மணி நேரம் அங்குமிங்கும் போன் போட்டுக் கேட்டுவிட்டு, எக்ஸெல் தாளில் மொத்தப் பேரேட்டையும் இறக்கிக் காட்டினார். அதன் பிறகுதான் முன்பணம் கொடுத்தோம்.