பாட்டிலுக்குப் பத்து ரூபாய்... பாதத்துக்கு மூணு தையல்!

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் தெருவில் ஒரு குரல் கேட்கும். 'பழைய பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக்கேய்...!' அடுத்த நிமிஷம் என் மனைவி வாசலில் இருப்பாள். இன்க்ரிமென்ட்டுக்காக நான் ஆபீஸில் வாதாடுவதைவிட நூறு மடங்கு உக்கிரமாக, கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டித் தரச் சொல்லி வாதாடுவாள்.

"பன்னெண்டுதாம்மா ஓடுது."

"போன மாசம் பதிமூணு குடுத்தீங்களே?"

"அது போன மாசம்மா!"

எங்கள் ஊர் புதுப்பட்டினம். வெளியூர்க்காரர்களிடம் 'கல்பாக்கத்துக்குப் பக்கம்' என்றால்தான் தலையாட்டுவார்கள். ஊர் சின்னதுதான்; குப்பை மட்டும் பெரிய ஊர் ரேஞ்சுக்கு!

ஒருநாள் சும்மா இருக்கப் பிடிக்காமல், பேப்பர்காரர் எதை எடுக்கிறார், எதை ஒதுக்குகிறார் என்று கவனித்தேன். நியூஸ்பேப்பர், அட்டைப்பெட்டி, பால் கவர், தண்ணீர் பாட்டில், ஓட்டை வாளி... எல்லாம் தராசுக்குப் போயின. சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட், பரண்மேல் இருந்த ஆறு குவார்ட்டர் பாட்டில் (முன்பு குடியிருந்தவர் விட்டுப்போனது, சத்தியமாக!) மூன்றும் நிராகரிக்கப்பட்டன.

"குவார்ட்டர் பாட்டில் வேணாம் சார். வெயிட்டு ஜாஸ்தி, காசு கம்மி. ஒடைஞ்சா சாக்கும் கிழியும், கையும் கிழியும்."

கை மட்டுமில்லை, காலும் கிழியும் என்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்தது.

2023. காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை. ஜனவரி வெயில் இதமாக இருக்கிறதே என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடற்கரையில் நடந்தேன். முந்தின நாள் கூட்டம் விட்டுப்போன சகலமும் மணலில் கிடந்தன. பத்தாவது அடியில் சுரீர்! உடைந்த பாட்டில். மூன்று தையல், ஒரு ஊசி, நாலு நாள் லீவு.

குப்பத்துப் பெரியவர் ஒருவர்தான் துண்டைக் கிழித்துக் கட்டுப்போட்டார். "இன்னிக்கி ஒருநா செருப்பைக் கழட்டினீங்க தம்பி, குத்திடுச்சு. நாங்க வலை இழுக்கறப்ப என்னிக்குமே வெறுங்கால்தான்" என்றார். அவர் பாதத்தைப் பார்த்தேன். தழும்புகளை எண்ணி முடிக்க எனக்குப் பொறுமை இல்லை.

'மக்களுக்குப் பொறுப்பு வரணும் சார்' என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்திருந்தபோது, பிரதமர் மோடியே அங்கே கடற்கரையில் குனிந்து குப்பை பொறுக்கினார். நாடே டி.வி.யில் பார்த்தது. பிரதமர் தினமும் வந்து பொறுக்க முடியுமா என்ன?

அதே 2023 மே மாதம் ஊட்டி போனோம். கூட வந்த நண்பன் (பெயர் சொன்னால் அவன் வீட்டில் ரகளை) டாஸ்மாக்கிலிருந்து புலம்பிக்கொண்டே வந்தான். "பாட்டிலுக்குப் பத்து ரூபா ஜாஸ்தி வாங்கிட்டான்டா! காலி பாட்டிலைக் குடுத்தாத்தான் திரும்பத் தருவானாம்!"

மறுநாள் காலை நான் கண்ட காட்சி... ராத்திரி முன்னூறு ரூபாய்க்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு செலவழித்தவன், பத்து ரூபாய்க்காகக் காலி பாட்டிலை ஜெர்கினுக்குள் மறைத்துக்கொண்டு, குளிரில் மேடேறிப் போகிறான்! பொறுப்பு வந்துவிட்டதா? இல்லை சார், பத்து ரூபாய் வந்தது.

சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால் 2022 மே மாதம் நீலகிரியில் ஆரம்பித்த திட்டம் இது. காட்டில் வீசும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்பதுதான் மூல காரணம். பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. யானைக் காலுக்குக் கிடைத்த நீதி, மனுஷக் காலுக்குக் கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது.

இதில் புதுசாக ஒன்றுமில்லை. பெட்டிக்கடையில் கோலி சோடா குடித்தால், 'பாட்டிலை வச்சிட்டுப் போப்பா' என்பார் கடைக்காரர். பாட்டில் அவர் சொத்து. தெருவில் 'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' வண்டி வந்தால் ஓட்டைக் குடம் என்ன, நல்ல குடமே காணாமல் போகும்! எங்களுக்கு யாரும் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கவில்லை. பேரீச்சம்பழம் எடுத்தது.

நம் கடலூர்க்காரர் சி.கே.ரங்கநாதன் சிக் ஷாம்பு விற்க ஆரம்பித்த புதிதில் ஒரு வேலை செய்தார். எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால், ஒரு சிக் பாக்கெட் இலவசம்! பிறகு 'சிக் பாக்கெட் மட்டும்தான்' என்று மாற்றினார். அவர் நோக்கம் விற்பனை. குப்பை ஒழிப்பு இல்லை. ஆனாலும் பேப்பர்காரர் இன்று தொடக்கூட மறுக்கிற அதே காலி பாக்கெட்டை, ஜனங்கள் பத்திரப்படுத்தி எடுத்துப் போனார்கள் அல்லவா?

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஜெர்மனியில் 2003 முதல், குடித்துவிட்டு எறிகிற டப்பா, பாட்டில்களுக்கு 25 சென்ட் முன்பணம். காலியைத் திருப்பினால் காசு. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்பி வந்துவிடுகிறது. தென்கொரியா 1995-ல் வேறு வழியில் போனது. குப்பை போடவே அரசாங்கப் பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். மறுசுழற்சிக்குப் பிரித்துக் கொடுத்தால் பைசா கிடையாது. அதிகமாகக் குப்பை போட்டால் அதிகச் செலவு!

கொரியா வழி நமக்குச் சரிப்படுமா? எனக்குச் சந்தேகம். பைக்கு இருபது ரூபாய் என்றால், இருட்டியதும் ஸ்கூட்டரில் ஒரு கை நீளும். பை பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் 'தொபக்'! இருபது ரூபாய் மிச்சம். எறிகிறவனிடம் காசு கேட்டால் ஒளிந்து எறிவான். வாங்கும்போதே வசூலித்துவிட்டு, 'திருப்பிக் குடு, தர்றேன்' என்றால் அவனே தேடிக்கொண்டு வருவான். அவன் வராவிட்டாலும், பொறுக்கிக் கொடுக்கிற இன்னொருவருக்கு அது கூலி. பத்து ரூபாய் மதிப்புள்ள பாட்டில் மணலில் எத்தனை நேரம் கிடக்கும், சொல்லுங்கள்?

சிக்கல் இல்லாமல் இல்லை. காலி பாட்டிலை அடுக்க இடமில்லை, வேலைப்பளு கூடுகிறது என்று டாஸ்மாக் ஊழியர்கள் போராடினார்கள். நியாயம்தான். திரும்பி வராத பாட்டிலின் பத்து ரூபாய் எங்கே போகிறது என்ற கணக்கையும் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சிப்ஸ் கவருக்கும் சட்டம் உண்டு. தயாரிக்கிற கம்பெனிதான் அதற்குப் பொறுப்பு என்று மத்திய அரசு 2022-ல் விரிவான விதிகள் போட்டது. மறுசுழற்சி செய்பவரிடமிருந்து கம்பெனிகள் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டலாம். கொஞ்ச நாளிலேயே லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ் பிடிபட்டது! கவரை மறுசுழற்சி செய்வதைவிடக் காகிதம் அச்சடிப்பது சுலபம். சான்றிதழ் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. கவர் எங்கள் தெருவில் ஓடுகிறது. அந்தக் காசில் ஒரு பங்காவது கிலோவுக்கு இவ்வளவு என்று, அதைப் பொறுக்கி எடுக்கும் தூய்மைக் காவலர் கைக்கும் பேப்பர்காரர் கைக்கும் நேராக வரவேண்டும். வராதவரை அது வெறும் ஃபைல்தான்.

என் மனைவி இப்போது சிப்ஸ் கவர்களைக் கழுவிக் காயவைத்து ஒரு சாக்கில் சேர்க்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பேப்பர்காரரிடம் சாக்கைக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"இதுக்கு ஒரு வெலை வரட்டும் சார். நீங்க கூப்பிடவே வேணாம், விடியறதுக்குள்ள வாசல்ல நிக்கறேன்!"

சாக்கு பரண்மேல் காத்திருக்கிறது. பீச்சுக்குப் போனால் நான் இப்போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதில்லை. குப்பத்துப் பெரியவர் இன்னும் வெறுங்காலோடுதான் வலை இழுக்கிறார்.