முகப்பருவும் சவரக்கத்தியும்

சவரக்கத்தி என்பது கைப்பிடிக்குள் மடக்கி வைக்கக்கூடிய, காப்பு இல்லாத ஒற்றை அலகு கொண்ட மழிக்கும் கருவி ஆகும். முகப்பரு உள்ளவர்கள் இக்கத்தியைக் கொண்டு மழிக்கும்போது பருக்கள் வெட்டுப்படுதல், கிருமித்தொற்று, தழும்பு ஆகியவை ஏற்பட வாய்ப்புண்டு. முகப்பரு மிகுந்து காணப்படும் பருவமும் முதன்முதலாக மழிக்கத் தொடங்கும் பருவமும் ஒன்றாகவே அமைவதால், இளைஞர்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

முகப்பருவின் தன்மை

தோலிலுள்ள ஒவ்வொரு மயிர்ப்பையுடனும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இணைந்துள்ளது. பூப்புப் பருவத்தில் ஆண்ட்ரோசன் இயக்குநீர்களின் தூண்டுதலால் இச்சுரப்பி மிகுதியாக எண்ணெயைச் சுரக்கிறது. எண்ணெயும் இறந்த தோல் செல்களும் சேர்ந்து மயிர்ப்பையின் வாயை அடைக்கும்போது கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும் தோன்றுகின்றன. அடைபட்ட இடத்தில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெசு என்னும் பாக்டீரியா பெருகி அழற்சி உண்டாகும்போது அவை சிவந்த பருக்களாகவும், சீழ்க்கொப்புளங்களாகவும், சிலருக்கு ஆழமான கட்டிகளாகவும் மாறுகின்றன.

பருவின் மேற்பகுதியைக் கத்தியால் சீவிவிட்டால் பரு குணமாகும் என்பது தவறான நம்பிக்கை. அடைப்பும் அழற்சியும் தோலுக்குள் இருப்பதால் மேற்புறத்தை வெட்டுவது புண்ணை மட்டுமே உண்டாக்கும். அப்புண் ஆறிய பின்னரும் கரும்படலமோ குழித்தழும்போ எஞ்சக்கூடும். மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் இக்கரும்படலம் பல மாதங்கள் நீடிப்பதுண்டு.

சவரக்கத்தியின் தன்மை

இங்கிலாந்தின் செஃபீல்டு, செருமனியின் சோலிங்கன் ஆகிய நகரங்கள் சவரக்கத்தித் தயாரிப்பில் புகழ்பெற்றவை. கிங் கேம்ப் சில்லெட் 1904 ஆம் ஆண்டில் மாற்றத்தக்க பிளேடு கொண்ட பாதுகாப்புச் சவரக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் சவரக்கத்தியின் வீட்டுப் பயன்பாடு படிப்படியாகக் குறைந்தது. தமிழ்நாட்டு முடிதிருத்தகங்களில் தற்போது இருபுற பிளேடை இரண்டாக உடைத்து, அதன் ஒரு பாதியைப் பிடியில் செருகிப் பயன்படுத்தும் கத்தியே பெரிதும் காணப்படுகிறது.

முகப்பரு உள்ளவர்களுக்குச் சவரக்கத்தியால் ஒரு நன்மையும் ஓர் இடரும் உண்டு. பல அலகுகள் கொண்ட கருவி ஒரே இழுப்பில் தோலைப் பலமுறை உரசுகிறது. சவரக்கத்தி ஒருமுறை மட்டுமே உரசுகிறது. மேலும் அலகு கண்ணுக்குத் தெரிவதால் பருவைச் சுற்றி விலக்கி மழிக்க முடிகிறது. ஆனால் காப்பு இல்லாமையால், கை சற்றுப் பிசகினாலும் புடைத்த பரு வெட்டுப்படும். எனவே இக்கத்தியில் பயிற்சி இல்லாதவர்கள் அழற்சியுள்ள பருக்கள் இருக்கும் காலத்தில் பழகத் தொடங்குவது ஏற்றதன்று.

சவரத்திற்கு முன்

* மென்மையான சோப்பு அல்லது முகக்கழுவியால் முகத்தைத் தேய்க்காமல் கழுவ வேண்டும். சொரசொரப்பான துணி, தேய்ப்பான்கள் கூடா.
* மயிர் நீரை உறிஞ்சி மென்மையாவதற்கு வெதுவெதுப்பான நீரில் நனைத்து இரண்டு, மூன்று நிமிடங்கள் விட வேண்டும். குளித்தவுடன் மழிப்பது எளிது.
* நுரையை விரல்களால் மெதுவாகத் தடவலாம். தூரிகையைப் பயன்படுத்தினால் பருக்களின் மேல் அழுத்திச் சுழற்றக் கூடாது.
* கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி மயிரை இழுப்பதுடன், கூடுதலாக அழுத்தவும் தூண்டுகிறது.

மழிக்கும் முறை

கத்தியைத் தோலுடன் ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் பிடித்து, மறு கையால் தோலை இலேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும். மயிர் வளரும் திசையிலேயே, அழுத்தமின்றி, சிறு சிறு இழுப்புகளாக மழிக்க வேண்டும். எதிர்த்திசையில் மழித்தால் முகம் வழவழப்பாகும். ஆனால் எரிச்சலும், மயிர் உள்நோக்கி வளர்வதும் மிகும்.

சீழ்க்கொப்புளங்களையும் கட்டிகளையும் சுற்றியுள்ள மயிரை மழிக்காமல் விட்டுவிட்டு, பின்னர் சிறு கத்தரியால் நறுக்கலாம். பரு வெட்டுப்பட்டுவிட்டால் அவ்விடத்தில் மேலும் மழிக்காமல் நீரால் கழுவி, தூய பஞ்சால் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

சவரத்திற்குப் பின்

குளிர்ந்த நீரால் கழுவி, தூய துண்டால் ஒற்றியெடுக்க வேண்டும். ஆல்ககால் கலந்த பின்சவர நீர்மங்கள் எரிச்சலையும் வறட்சியையும் உண்டாக்கும். துளைகளை அடைக்காத, மணமற்ற ஈரப்பதக் களிம்பு ஏற்றது. பென்சாயில் பெராக்சைடு, ரெட்டினாய்டு போன்ற பருக்களிம்புகளை மழித்த உடனே பூசினால் கடுமையாக எரியும். எரிச்சல் தணிந்தபின் பூசுவது நல்லது. ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உட்கொள்பவர்களுக்குத் தோல் எளிதில் காயப்படும் என்பதால் அவர்கள் சவரக்கத்தியைத் தவிர்ப்பதே பாதுகாப்பானது.

கருவிகளின் தூய்மை

ஒருவர் பயன்படுத்திய கத்தியை மற்றவர் பயன்படுத்தக் கூடாது. கல்லீரல் அழற்சி பி, கல்லீரல் அழற்சி சி, எச்.ஐ.வி. ஆகியவை குருதி வழியே பரவுபவை. கல்லீரல் அழற்சி பி வைரசு உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனுடன் இருக்கக்கூடியது. பருக்கள் உள்ள முகத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு காயங்களும் இருக்கும் என்பதால் இந்த இடர் கூடுகிறது.

முடிதிருத்தகத்தில் புதிய பிளேடு கண்ணெதிரே மாற்றப்படுவதை உறுதிசெய்ய வேண்டும். பலருக்கும் தேய்க்கப்படும் படிகாரக் கல்லுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். படிகாரம் குருதிக் கசிவை நிறுத்த உதவினாலும் தனிக்கல்லையே பயன்படுத்த வேண்டும். வீட்டில் சொந்தக் கத்தியைத் தோல்வாரில் தீட்டுபவர்கள், தீட்டிய பின்னரே அலகை 70 விழுக்காடு ஆல்ககாலால் துடைக்க வேண்டும். தோல்வாரை முழுமையாகத் தூய்மைப்படுத்த இயலாது என்பதே இதற்குக் காரணம்.

பருவைப் போன்ற பிற நோய்கள்

தாடிப் பகுதியில் தோன்றும் எல்லாப் புடைப்புகளும் முகப்பரு அல்ல. சுருண்ட மயிர் மழித்தபின் வளைந்து தோலுக்குள் புகுவதாலும், இசுட்டாபிலோகாக்கசு பாக்டீரியா மயிர்ப்பையைத் தாக்குவதாலும், தாடிப் படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்றாலும் இதுபோன்ற புடைப்புகள் உண்டாகின்றன. இவற்றுக்கான மருத்துவம் வெவ்வேறானது. ஆகவே மழித்த இடங்களில் மட்டும் புடைப்புகள் பெருகினாலோ, வலியுள்ள கட்டிகளோ காய்ச்சலோ தோன்றினாலோ மழிப்பதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரை அணுக வேண்டும். அதுவரை தாடியைக் கத்தரியால் அளவாக நறுக்கி வைத்துக்கொள்வது போதுமானது.