மெத்தை வாங்கும் முன்

பக்கவாதத்தாலோ தண்டுவடக் காயத்தாலோ தாமாகப் புரண்டு படுக்க இயலாமற்போன ஒருவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நாளில், உடன் இருப்போர் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: எந்த மெத்தை வாங்கலாம்? கடைக்காரரிடம் இதற்கு ஆயத்தமான விடை இருக்கும். ஆனால் குரும்பகரத்திலோ நெடுங்காட்டிலோ உள்ள ஒரு வீட்டுக்கு ஏற்ற மெத்தையைத் தீர்மானிப்பது விலைப்பட்டியல் அன்று. நோயாளியின் தோல், அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் கைகள், அவ்வீட்டு மின்சாரம் ஆகிய மூன்றையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

படுக்கைப் புண் ஏன் வருகிறது என்பதை அறிந்தால் தேர்வு எளிதாகும். நலமாக உள்ளவர் உறக்கத்திலும் தம்மையறியாமல் புரள்கிறார். உணர்வும் அசைவும் இழந்தவருக்கு அது நிகழ்வதில்லை. தோலின் நுண்குழாய்களில் இரத்தம் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே ஓடுகிறது. அந்த அளவு ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரசமே. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையில் சிக்கிய தசையில் அதைவிடக் கூடுதலான அழுத்தம் நெடுநேரம் நீடித்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை அழியத் தொடங்குகிறது. வால் எலும்புப் பகுதி, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, தோள்பட்டை, பின்தலை ஆகியவை முதலில் பாதிக்கப்படும் இடங்கள். வீட்டில் உள்ள பழைய இலவம்பஞ்சு மெத்தை இவ்விடங்களிலேயே கட்டிபட்டுப் பள்ளமாகியிருக்கும். கயிற்றுக் கட்டிலோ நடுவில் தொய்ந்து உடலைக் கீழ்நோக்கிச் சறுக்கச் செய்யும். இரண்டுமே வேண்டா.

சற்றேனும் தாமாக அசைய முடிகிறவருக்கு, அடர்த்தி மிகுந்த நல்ல நுரை மெத்தை பெரும்பாலும் போதுமானது. அதற்கு மின்சாரம் தேவையில்லை. பழுதடையவும் அதில் கருவி ஏதுமில்லை. அறவே அசைய இயலாதவர், உணர்வு இல்லாதவர், ஏற்கெனவே தோல் கன்றியவர் ஆகியோருக்குக் காற்று மெத்தையை, அதாவது கடைகளில் ‘ஏர் பெட்’ என்று கேட்கப்படுவதை, மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. அதன் அறைகளில் ஒரு வரிசை நிரம்பும்போது மறு வரிசை தளரும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இம்மாற்றம் நிகழ்வதால் ஒரே இடம் தொடர்ந்து அழுந்துவதில்லை. கொப்புள வடிவில் உள்ளது விலை குறைந்தது. அதை வழக்கமான மெத்தையின் மீது விரிக்க வேண்டுமேயன்றித் தனியாகப் பயன்படுத்தலாகாது. குழாய் வடிவில் உள்ளது உயரமானது, எடை மிகுந்தவரையும் தாங்கும். பழைய ‘வாட்டர் பெட்’ இன்னும் சில கடைகளில் கிடைக்கிறது. மின்சாரம் வேண்டாததாயினும், நீர் நிரப்பியபின் அதன் சுமை மிகுதி. அதன்மீது ஒருவரைப் புரட்டுவதும் கடினம். உதவிக்கு ஒருவரே உள்ள வீட்டுக்கு அதை நாம் பரிந்துரைப்பதில்லை.

இனி மின்சாரம். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபின், டெல்டாவின் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்ததை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். பம்பு நின்றால் காற்று மெத்தை மெல்லத் தளர்ந்து, நோயாளி அடிப்பலகையின் மீதே கிடக்க நேரும். ஆதலால் காற்று மெத்தை வாங்குவோர் அதன் அடியில் நல்ல நுரை மெத்தை ஒன்றும் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். பம்புக்குத் தேவைப்படும் மின்சாரம் ஒரு சிறிய விளக்குக்கு வேண்டிய அளவே. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் இணைத்துவிடலாம். காற்றுக் குழாய் மடங்காமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

மெத்தை சரியாகத் தாங்குகிறதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நோயாளி படுத்திருக்கையில், அவருடைய வால் எலும்புக்கு நேராகக் காற்று மெத்தையின் அடியில் உள்ளங்கையை மேல்நோக்கி நுழையுங்கள். கைக்கும் உடலுக்கும் இடையே ஓர் அங்குலமேனும் காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டுப்பட்டால் மெத்தை பயனற்றது. பம்பின் திருகை நோயாளியின் உடல் எடைக்கு ஏற்ப வைக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் நல்லது என்று எண்ணி முழுவதும் திருகிவிடுவோர் பலர். அப்போது அது பலகைக்கு ஒப்பாகிவிடும். மேலே மெல்லிய பருத்தி விரிப்பு ஒன்று போதும். ரப்பர் விரிப்பு, மடித்த போர்வை, துண்டு என்று அடுக்கினால் மெத்தையின் பயன் அவற்றிலேயே மறைந்துபோகும். கடலோர வெக்கையில் வியர்வையும் சேர்ந்து தோலை ஊறவைக்கும்.

எந்த மெத்தையும் புரட்டுவதற்கு மாற்றாகாது. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயம்பட்ட போர்வீரர்களுக்கான பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்களைப் புரட்டச் செய்தார். அதற்குமுன் இத்தகையோர் பலர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். வசதியும் முழுக் காப்பு ஆகாது. குதிரையிலிருந்து விழுந்து 1995இல் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த அமெரிக்க நடிகர் கிறிஸ்டோபர் ரீவ், 2004 அக்டோபரில் இறக்கும் தறுவாயில் அழுத்தப் புண்ணில் ஏற்பட்ட தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுவந்தார். மறுபுறம், 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அமையக் காரணமானார். 1986 வரை வாழ்ந்தார்.

வீட்டில் புரட்டும்போது முழுமையாகப் பக்கவாட்டில் சாய்த்துவிடாமல், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஏறத்தாழ 30 பாகை சாய்வில் படுக்கவையுங்கள். கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். உணவு வேளை தவிர மற்ற நேரங்களில் தலைப்பக்கத்தை மிக உயர்த்த வேண்டா. உடல் சறுக்கித் தோல் இழுபடும். இழுத்து நகர்த்தாமல் விரிப்போடு தூக்கி நகர்த்துவதே முறை. நடுவில் துளையுள்ள வளையத் தலையணை, சுற்றியுள்ள தோலை அழுத்தி இரத்தத்தைத் தடுப்பதால் தவிர்க்கத்தக்கது. வாழையிலையில் படுக்கவைப்பது நம் ஊர்ப் பெரியோர் வழக்கம். அது குளிர்ச்சி தரலாம், அழுத்தத்தைக் குறைக்காது.

நாள்தோறும் இருமுறை தோலைப் பாருங்கள். நம் நிறத்துத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. கருமை கூடியிருத்தல், அக்கம்பக்கத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருத்தல் ஆகியவற்றைக் கையால் தொட்டு அறிய வேண்டும். கன்றிய இடத்தை ஸ்பிரிட் தடவித் தேய்க்கும் பழக்கம் உள்ளே நைந்த தசையை மேலும் சிதைக்கும். அவ்விடத்தின்மீது உடல் எடை படாதவாறு படுக்கவைத்து, அரை மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். நிறம் திரும்பாவிட்டாலோ கொப்புளம் தோன்றினாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

பணம் குறைவாக இருந்தால் விலை மலிந்த காற்று மெத்தையைவிட, தரமான நுரை மெத்தையும் நான்கு தலையணைகளும் வாங்குவதே மேல் என்பது எமது கருத்து. எனினும் முன்பே புண் உள்ளவருக்கு இது பொருந்தாது. வாங்குமுன் நோயாளியின் எடையையும் கட்டிலின் அளவையும் குறித்துக்கொண்டு வார்டு செவிலியரிடம் ஒருமுறை காட்டுங்கள். வீடு திரும்புமுன் அவர் முன்னிலையில் நீங்களே இருமுறை புரட்டிப் பழகிக்கொள்ளலாம்.