ஆணா, பெண்ணா? சிறுநீரக நோயும் ஆய்வுகூடக் கலங்களும்

வடமத்திய மாகாண விவசாயிகளை 1990களிலிருந்து வாட்டிவரும் ‘கிட்னி வருத்தம்’ கண்டியில் இருக்கிற எங்களுக்கும் புதிதல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அதன் காரணத்தைத் தேடுகிறவர்கள் பலர். "அது வயலுக்குப் போற ஆம்பளைகளுக்கு வாற வருத்தம்" என்பதுதான் பொதுப் பேச்சு.

கணக்கு அவ்வளவு இலேசானதல்ல. சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. அதில் நோய் காணப்பட்ட ஆண்கள் 12.9 வீதம், பெண்கள் 16.9 வீதம். ஆனால் நோய் முற்றும்போது கணக்கு புரண்டுவிடுகிறது. நோயுள்ள ஆண்களில் 22 வீதமானோர் நான்காம் நிலையில் இருந்தார்கள்; பெண்களில் 7.3 வீதத்தினரே.

இது ஏன்? வெயில், தாகம், கிருமிநாசினி, புகைத்தல் என்று ஆண்களின் வாழ்க்கை முறை ஒரு காரணமாகலாம். உடலின் இயல்பே வேறாகவும் இருக்கலாம். ஊரில் இவை இரண்டும் பின்னிக் கிடக்கின்றன, பிரித்தெடுப்பது கஷ்டம். ஆய்வுகூடத் தட்டில் வளரும் கலமோ வயலுக்குப் போவதில்லை, பீடி குடிப்பதுமில்லை. ஆணிடமிருந்து எடுத்த கலத்துக்கும் பெண்ணிடமிருந்து எடுத்த கலத்துக்கும் ஒரே அளவு கட்மியத்தைக் கொடுத்துப் பார்த்தால், இயல்பின் பங்கைத் தனியே தேடலாம்.

"கலத்துக்குள்ளயும் ஆண், பெண் எண்டு இருக்கா?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. ஆணின் கலத்தில் ஒரு எக்ஸ், ஒரு வை நிறமூர்த்தம். பெண்ணின் கலத்தில் இரண்டு எக்ஸ். பெண் கலத்தில் ஒரு எக்ஸ் அடங்கிவிடும் என்பதை மேரி லயன் 1961இல் எடுத்துச் சொன்னார். ஆனாலும் அதிலுள்ள சில பரம்பரையலகுகள் அடங்காமல் தொடர்ந்து வேலை செய்கின்றன. ஆகவே ஓமோன் எதுவும் சேர்க்காவிட்டாலும் இரு கலங்களும் ஒன்றல்ல.

இனி, தட்டில் தொடர்ந்து பெருகும் ‘செல் லைன்’களைப் பார்ப்போம். சிறுநீரகத்தின் பெயரால் உலகெங்கும் அதிகம் பயன்படுபவற்றில் மூன்று: 1973இல் நெதர்லாந்தின் லைடனில் மனித முளையத்திலிருந்து உருவான ஹெக் 293, 1958இல் நாயிலிருந்து வந்த எம்டிசிகே, 1962இல் ஜப்பானில் குரங்கிலிருந்து வந்த வேரோ. மூன்றும் பெண். 1994இல் அறிமுகமான எச்கே-2 வளர்ந்த ஆணின் சிறுநீரகத்திலிருந்து வந்தது. ஹெக்கில் மட்டும் சோதித்துவிட்டு "மனிதச் சிறுநீரகத்தில் இப்படித்தான்" என்றால், ஆண்களில் முற்றுகிற நோய்க்குப் பெண் கலத்திடம் மட்டும் சாட்சி கேட்டதாகிவிடும்.

அப்படியென்றால் ஹெக்கையும் எச்கே-2ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதுமா? போதாது. ஒன்று முளையத்தினது, மற்றது வளர்ந்தவருடையது. ஒன்றை அடினோ வைரசின் பரம்பரையலகுகளும் மற்றதைப் பப்பிலோமா வைரசினுடையவையும் மாற்றியிருக்கின்றன. வேறுபாடு வந்தால் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. நீண்ட காலம் வளர்க்கப்படும் ஆண் கலங்கள் வை நிறமூர்த்தத்தை இழந்துவிடுவதும் உண்டு. வளர்ப்பூடகத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பீனோல் ரெட், ஈஸ்திரோஜன் போலச் சற்றே வேலை செய்யும். அதில் கலக்கும் கன்றுச் சீரத்திலும் ஓமோன்கள் உண்டு. இவற்றையும் கவனிக்க வேண்டும். பல ஆண்களிடமும் பல பெண்களிடமும் புதிதாக எடுத்த கலங்களை ஒரே விதமாகச் சோதிப்பதே நல்ல வழி. அதற்குச் செலவு அதிகம்.

செலவில்லாத வழியும் ஒன்றுண்டு. 2016இல் வெளியான சேஜர் வழிகாட்டி, கலத்தின் மூலத்தையும் பால் நிறமூர்த்த நிலையையும் கட்டுரையில் எழுதச் சொல்கிறது. தெரியாவிட்டால் ஏன் தெரியவில்லை என்று எழுத வேண்டும். எங்கட பிள்ளைகள் பலர் இன்று விஞ்ஞான பீடங்களில் ஆய்வேடு எழுதுகிறார்கள். கலம் யாரிடமிருந்து வந்தது என்று ஒரு வரி சேர்க்க அவர்களுக்குச் சதமும் செலவாகாது. கிணற்றுத் தண்ணீரைப் பயந்து குடிக்கிற குடும்பங்களுக்கு அந்த வரி ஒருநாள் உதவக்கூடும்.