கூரை உயரும் வண்டி வீடு

கணவர் வியாபார நிமித்தமாக ஊர் ஊராகச் சுற்றுகிறவர். மனைவியோ சித்திரம் வரைகிறவர். அவர் வீட்டில், இவர் வெளியூரில் என்றே வாழ்நாள் கழிய வேண்டுமா? ஜெர்மனியில் ஒரு பெண்மணிக்கு இந்தக் கேள்வி எழுந்தது. அதற்குக் கிடைத்த பதில், சக்கரம் வைத்த ஒரு வீடு!

தென் ஜெர்மனியில் இஸ்னி என்று ஒரு சிற்றூர். சாட்டையும் பனிச்சறுக்குக் கையுறையும் தயாரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த அரிஸ்ட் டெத்லெஃப்ஸ், 1931-ல் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வண்டி ஒன்றைச் செய்தார். அவர் கைப்பிடித்த ஃப்ரீடல் எடல்மன்தான் அதற்குக் காரணம். உடன் செல்லவும் வேண்டும், படம் வரைய இடமும் வேண்டும் என்பது அந்த அம்மாளின் விருப்பம். 1933-ல் மகள் ஊர்சுலா பிறந்தாள். இருவர் மூவரானார்கள்!

இங்கேதான் சிக்கல். படுக்கை கூடினால் வண்டி பெருக்கும். வண்டி பெருத்தால் கார் திணறும். உயரமான வண்டி காற்றை முட்டிக்கொண்டு போகும்; பெட்ரோலையும் விழுங்கும். 1957-ல் ஜெர்மனியின் 'பீட்டில்' காருக்குச் சக்தி சுமார் 30 குதிரைதான்! அதே ஆண்டில் எரிச் பாக்கெம் என்ற விமானப் பொறியாளரும் எர்வின் ஹைமரும் சேர்ந்து சிறிய வண்டி ஒன்றை உருவாக்கினார்கள். எரிச், பாக்கெம் என்ற பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து, 'எரிபா' என்று பெயர் வைத்தார்கள். எஃகுக் குழாய்ச் சட்டம்; எடையோ குறைவு. இந்த வகை வண்டிகளின் சிறப்பு, உயரும் கூரை. ஓடும்போது தாழ்ந்திருக்கும், நிறுத்தியதும் மேலே தூக்கினால் நிமிர்ந்து நின்று சமைக்கலாம்.

சரி, படுக்கை? எதிரெதிரே இரண்டு பெஞ்சுகள், நடுவே மேஜை. இரவில் மேஜையைப் பெஞ்சு மட்டத்துக்கு இறக்கி, மேலே மெத்தையைப் பரப்பினால் இருவர் படுக்கலாம். கூரை உயர்ந்ததால் கிடைத்த வெற்றிடத்தில், இரண்டு கம்புகளுக்கிடையே கித்தானைக் கட்டித் தொட்டில்போல் மாட்டினால் குழந்தைக்கும் இடம் கிடைத்துவிடும். காலையில் அதைச் சுருட்டி வைத்துவிடலாம். பெட்டி வளரவில்லை, படுக்கை வளர்ந்துவிட்டது!

ஆனால், இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். தண்ணீர்க் குடம், அடுப்பு, பாத்திரங்கள் போன்ற கனமான சாமான்களைத் தரையோடு, சக்கரங்களுக்கு அருகே வைக்க வேண்டும். பின்கோடியில் அடுக்கினால் வண்டி வால் ஆட்டும். வேகத்தில் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடலாம். இரவில் மூச்சுக் காற்றின் ஈரம் கூரையில் துளிக்கும். ஆகவே காற்றுப் போக்கி எப்போதும் திறந்திருக்க வேண்டும். உள்ளே அடுப்பெரித்துக் குளிர் காய்வது உயிருக்கே ஆபத்து.

இத்தகைய வண்டியை எப்போதாவது வாங்கவோ, வாடகைக்கு எடுக்கவோ நேர்ந்தால் சகோதரிகளே, திரைச்சீலையின் அழகைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். குடும்பத்தார் அத்தனை பேரையும் உள்ளே படுக்கச் சொல்லுங்கள். பிறகு, யாரையும் மிதிக்காமல் நடுநிசியில் எழுந்து கதவுவரை போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், அதை அமைத்தவர் கெட்டிக்காரர்தான்!