மார்கழியிலும் வியர்த்தது!

எனக்கு 47 வயது. ஒரு வருடமாக மாதவிலக்கு இரண்டு, மூன்று மாதம் தள்ளிப் போனது. திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை அனல் ஏறும்; மார்கழிக் குளிரிலும் ஜாக்கெட் நனைய வியர்க்கும். "ஊரே போர்த்திக்கிட்டுத் தூங்குது, உனக்கு மட்டும் ஃபேனா?" என்பார் கணவர். நான் எரிந்து விழுவேன்.

விழுப்புரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். "ஈஸ்ட்ரோஜன் சுரப்பது குறையறதால வர்றது, நோய் இல்லம்மா. நம்ம நாட்டுப் பெண்களுக்கு 46, 47 வயசுலயே மாதவிலக்கு நிக்கறது சகஜம்" என்றார். அவர் சொன்னபடி சாயங்காலக் காபியை விட்டேன். பருத்திப் புடவை, தினமும் அரை மணி நடை, எலும்புக்குக் கேழ்வரகுக் கூழ், எள்ளுருண்டை என்று மாறினேன். அனல் முழுக்கப் போகவில்லை, தூக்கம் வந்தது. விஷயம் புரிந்த கணவரே இப்போது ஃபேனைப் போட்டுவிடுகிறார்!

கிளம்பும்போது டாக்டர், "ஒரு வருஷம் முழுசா நின்ன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வரணும்" என்றார். எனக்குப் பகீரென்றது. மூன்று வருடம் முன்பே நின்றுவிட்ட என் ஓரகத்தி அக்காவுக்கு அவ்வப்போது ரத்தம் பட்டது. "உடம்பு சூடு" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்து, மறைத்தார்.

மறுநாளே அழைத்துப் போனேன். பரிசோதனையில் கர்ப்பப்பையில் புற்றுநோய். நல்லவேளை, ஆரம்பக் கட்டம். ஆபரேஷன் முடிந்து நலமாக இருக்கிறார். திண்ணையில் மல்லாட்டை உடைத்தபடி, "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாடி?" என்று என்னைத் திட்டுகிறார்!

சகோதரிகளே, அனலையும் வியர்வையையும் வீட்டிலேயே சமாளிக்கலாம். நின்ற பிறகு படும் ரத்தத்தைக் கைவைத்தியத்தால் மூடி மறைக்காதீர்கள்.

— ஒரு வாசகி, கெடார்.